வெட்டுண்ட கைகளும் மாற்றப்பட்ட கடிதமும்: ஞானசௌந்தரி நாடகம் பற்றிய ஒரு நோக்கு

1

யாரை மணப்பது, எங்கே வாழ்வது, பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது, ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்பன போன்ற முடிவுகளைத் தனிமனிதர் தத்தம் மனத்தோடு வாதாடி எடுக்கின்றனர் என்பது முதலாளித்துவ யுகத்தின் நாவல் எமக்குப் பழக்கிவிட்ட எண்ணமாகும். நிலவுடைமைச் சமூகத்தின் கலைவடிவங்களில் இத்தகைய மனப்போராட்டத்தைக் காண்டல் அரிது. அங்கு வாழ்க்கையை மாற்றும் முடிவுகள் பெரும்பாலும் மனத்துள் முகிழ்ப்பதில்லை. கட்டளையாகவும் ஓலையாகவும் வெளியிலிருந்து வந்து சேர்கின்றன. இதனைப் பழைய கலையின் குறைபாடு எனக் கொள்வோர் உளர். ஆனால் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் குவிந்திருந்தது என்பதை நாவலிலும் பார்க்க வெளிப்படையாக அக்கலை காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதற்குச் சான்றாக மன்னாரின் கத்தோலிக்க நாடக மரபில் நிலைபெற்றுள்ள ஞானசௌந்தரி கதை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்நாடகம் பற்றி இருவகைப்பட்ட மனோபாவங்கள் நிலவிவந்துள்ளன. இதனைப் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றிப் பேணினாற் போதுமெனக் கருதுவோர் ஒருசாரார். இது நிலவுடைமைக் கருத்தியலும் மதபோதனையும் கலந்ததொரு பழம்பொருள் என ஒதுக்குவோர் மறுசாரார். பின்னவருள் முற்போக்காளர் சிலரும் அடங்குவர். முன்னவர் நாடகத்தின் இசையையும் ஆடையணிகளையும் கண்டு அதன் முரண்பாடுகளைக் காணாது விட்டனர். பின்னவர் முரண்பாடுகள் உண்டென அறிந்தும் அவற்றை ஆராயுமளவுக்கு அதனை மதிக்கவில்லை. பழங்கதையொன்று சமூக மாற்றத்துக்கேற்ப எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதைக் கலாநிதி க. கைலாசபதி தமது 'அடியும் முடியும்' (1970) என்னும் நூலில் அகலிகை கதையைக் கொண்டு ஆராய்ந்துள்ளார். அந்நெறியை எழுத்திலக்கியத்துக்கு மட்டுமன்றி நாட்டார் அரங்குக்கும் விரித்துப் பார்ப்பது பயனுடையது.

2

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வேளாண்மை கட்டுக்கரைக் குளத்தை நம்பியிருப்பது. அருவியாற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியே இக்குளத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு மிகப் பழையது. நெடுங்காலம் தூர்ந்துகிடந்த இதனைப் பிரித்தானிய ஆட்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீளப் புதுக்கியது. முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் முதலிய ஊர்களின் சிறுகுளங்களும் வயல்களும் இதன் நீரையே எதிர்பார்த்துள்ளன. மாதோட்டம் எனும் பழம்பெயருக்குரிய இப்பிரதேசமே மன்னார் நாடகங்களுள் 'மாதோட்டப் பாங்கு' அல்லது 'தென்பாங்கு' எனப்படும் மரபின் தாயகமாகும். யாழ்ப்பாணத் தொடர்புடைய மற்றைய மரபு 'வடபாங்கு' எனப்படும். விரிவான நாடகத்தை ஓரிரவில் ஆடத்தக்கதாகச் சுருக்கும்போது அது 'வாசாப்பு' என்ற பெயரைப் பெறும்.

இந்நாடகங்கள் ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் வாழ்ந்தவை. இவற்றைப் பல்கலைக்கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆவார். 1960களில் அவர் பதிப்பித்த என்றீக் எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம், ஞானசௌந்தரி நாடகம் ஆகியன மன்னாரின் அரங்க மரபு எத்துணை வளமுடையது என்பதைப் பிறரும் உணரச் செய்தன. ஆயினும் பதிப்பு முயற்சியைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய விமரிசன முயற்சி போதிய அளவு வளரவில்லை. வடிவம் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அந்த வடிவத்தினூடாக மக்கள் எதைச் சிந்தித்தனர் என்பது பற்றி எழுதப்படவில்லை.

ஞானசௌந்தரியின் கதை பலரும் அறிந்ததே. அரச குமாரியான அவள்மீது சிற்றன்னை லேனாள் பகைமை கொள்கிறாள். அவளைக் காட்டுக்குக் கொண்டுசென்று கொல்லுமாறு ஏவலாளர் பணிக்கப்படுகின்றனர். அவர்கள் உயிரை விட்டுவைத்துக் கைகளை வெட்டி விடுகின்றனர். காட்டிற் கிடந்தவளைப் பிலேந்திரன் என்னும் அரசகுமாரன் கண்டு மணக்கிறான். அவன் தொலைவிலிருந்த காலத்தில் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. அவர்களுக்கிடையிலான கடிதம் லேனாளின் கையிற்பட்டு மாற்றப்படுகிறது. பொய்க்கடிதத்தின்படி தாயும் பிள்ளைகளும் காட்டுக்குத் துரத்தப்படுகின்றனர். தேவமாதாவின் அருளால் அவளுடைய கைகள் மீள்கின்றன. ஈற்றிற் பிரிந்தவர் கூடுகின்றனர். இக்கதை அம்மானையாகவும் நாடகமாகவும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பரவியது. 1948இல் தமிழ்நாட்டில் ஒரே பெயரில் இரண்டு திரைப்படங்களாக வெளிவந்து, சிற்றாடெல் நிறுவனத்தின் படம் பெற்ற வெற்றியால் ஜெமினியின் படம் திரும்பப் பெறப்படும் அளவுக்கு, மதவேறுபாடு கடந்த செல்வாக்கும் அதற்கு இருந்தது.

3

முதலில் கைகள் பற்றி நோக்குவோம். குரங்கிலிருந்து மனிதன் உருவான வரலாற்றில் உழைப்பின் பங்கினை விளக்கிய எங்கெல்ஸ், கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பால் உருவான விளைவுமாகும் என்று 1876இல் எடுத்துக்காட்டினார். கட்டுக்கரையின் கீழுள்ள வயல்களில் களைபிடுங்கியும் கதிரறுத்தும் வாழ்ந்த மக்களுக்கு இதனை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அரசகுமாரிக்குக் கை அழகின் உறுப்பு. பெருங்காப்பிய மரபு அதனை மலருக்கும் தளிருக்கும் ஒப்பிடும். ஆனால் இந்நாடகத்தைப் பார்த்திருந்த உழவர் பெண்ணுக்குக் கை இல்லையென்பது உணவில்லை, பிள்ளையைத் தூக்க முடியாது, அடுத்தவரை அண்டி வாழவேண்டும் என்பதாகும். ஆகவே கை வெட்டப்படும் கணத்தில் அரசகுமாரி தன் வர்க்கத்திலிருந்து வீழ்ந்து, உழைப்பை இழந்த உழைப்பாளியின் நிலையை அடைகிறாள். கிராமத்துப் பெண்கள் அவளுக்காக அழுதமைக்கு அவள் அரசகுமாரியென்பது காரணமன்று. அந்த இழப்பின் பொருளை அவர்கள் தம் அன்றாட வாழ்விலிருந்து அறிந்திருந்தனர்.

அக்கைகளை வெட்டியவர் யார் என்பது அடுத்த வினா. ஏவலாளர் கூலிக்குப் பணிபுரிவோர். கொல்லுமாறு கட்டளை. அவர்கள் இரங்குகின்றனர், கொல்லாது விடுகின்றனர். ஆயினும் கட்டளை நிறைவேறியதற்கு அடையாளம் வேண்டும். எனவே கைகள் வெட்டப்படுகின்றன. நாடகத்தின் மிக ஆழமான உண்மை இவ்விடத்திலேயே உள்ளது எனலாம். ஏவலாளரின் இரக்கம் மெய்யானது. அதனை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அதிகாரத்தை மீறாமல் இரக்கங்காட்ட முயல்வோர் இறுதியில் எதைச் செய்ய நேர்கிறது என்பதை அக்கைகள் காட்டுகின்றன. பாதி கீழ்ப்படிந்து பாதி மீறும் இந்த நடுவழியின் விலையை முடிவெடுத்தவர் செலுத்துவதில்லை. முடிவுக்கு ஆளானவளே செலுத்துகிறாள்.

இதே நிகழ்வு பின்னரும் மீள்கிறது. பொய்க்கடிதத்தைப் பெறும் அரண்மனையார் அதனை நம்ப இயலாது திகைக்கின்றனர். எனினும் மீற இயலாது அவளை வெளியேற்றுகின்றனர். இரண்டு இடங்களிலும் நல்லவர்களின் கைகளாலேயே தீமை நிறைவேறுகிறது. நாட்டார் நாடகம் நல்லோர் தீயோர் என்னும் எளிய பகுப்பினை மட்டுமே அறியும் என்ற கருத்து எத்துணை மேலோட்டமானது என்பதற்கு இது தக்க விடையாகும்.

4

இரண்டாவதாக, கடிதம். ஞானசௌந்தரியின் வாழ்க்கை பற்றிய பெரும் முடிவு ஒரு கடிதத்தில் வருகிறது. அதனை எழுதியவர் வேறு. அதன்கீழ் உள்ள பெயர் வேறு. அதற்கு ஆளாகுபவளோ அதனை எழுதவும் இல்லை, அதற்கு விடை எழுதக் கைகளும் இல்லை. பார்வையாளர் முன்னிலையிலேயே கடிதம் மாற்றப்படுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. அரங்கிலுள்ள பாத்திரங்கள் அறியாத உண்மையை ஊர் முழுவதும் அறிந்திருக்கிறது. கையொப்பமும் முத்திரையும் உள்ள ஆவணம் பொய்யாக இருக்கலாம் என்னும் அறிவை, எழுத்தறிவு குறைந்திருந்த ஒரு மக்கட் கூட்டம் இரவு முழுவதும் விழித்திருந்து பெற்றுக்கொள்கிறது. உறுதி, ஈடு, வழக்கு என்பவற்றால் நிலத்தை இழந்த குடிகளுக்கு இவ்வறிவு கற்பனையானதாக இருந்திருக்க முடியாது.

கட்டுக்கரைப் பிரதேசத்தில் முடிவெடுத்தலின் வேறொரு வடிவமும் இருந்தது என்பதை இத்துடன் ஒப்பிட வேண்டும். சிறுபோகத்துக்குக் குளத்து நீர் எவ்வளவு ஏக்கருக்குப் போதும், எந்த நாளில் வாய்க்கால் திறப்பது என்பன கமக்காரர் கூட்டத்திற் பேசித் தீர்மானிக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்து இதற்குச் சட்டவடிவமும் கொடுத்தது. அக்கூட்டங்கள் முழுச் சமத்துவமுடையனவாக இருந்தன எனக் கூறவியலாது. கூடிய காணி உடையவனின் குரல் ஓங்கியே ஒலித்தது. ஆயினும் வாதம் வெளியில் நடந்தது. தீர்மானத்தை யார் எடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நீரைப் பங்கிடுவதற்கு ஊர்கூடிய சமூகம், ஒரு பெண்ணின் திருமணத்தையும் அவளுடைய வாழ்விடத்தையும் தீர்மானிக்க மூடிய வீட்டினுள் நாலு ஆண்களையே கூட்டியது. உற்பத்தியிற் கூட்டுமுடிவு, குடும்பத்தில் தனியதிகாரம் என்னும் இம்முரண்பாட்டின் மேலேதான் இந்நாடகத்தின் மேடை போடப்பட்டது.

எழுத்தின் அதிகாரம் நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமையுடன் தொடர்புடைய 1911ஆம் ஆண்டு முதலாம் இலக்கக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டி நிற்பது. சீதனமாக அவளுக்கே எழுதப்பட்ட காணியாயினும் நிலைமை இதுவே. போர் முடிந்த பின்னர், கணவன் இறந்தோ காணாமலாக்கப்பட்டோ போனமையால் குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலர் மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்ல நேர்ந்தது. 2013இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் ஏற்பாடு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் அவ்வாறு செல்வதைத் தடுத்தது. ஏனைய தாய்மாரின் பயணத்தையும் அலுவலரின் பரிந்துரைக்கு உட்படுத்தியது. 2022இல் பொருளாதாரம் வீழ்ந்து அந்நியச் செலாவணி அற்றுப்போனபோது அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலனே நோக்கமாயின் அந்நலன் ஒரே ஆண்டில் எவ்வாறு மாறியது? பிள்ளையின் பெயரால் எழுதப்பட்ட ஆவணத்தைத் திருத்தியது நாட்டின் திறைசேரி. கைகள் வேண்டப்படுகின்றன, ஆனால் அக்கைகளை எங்கே, எப்போது பயன்படுத்துவதென்பதை எழுதும் உரிமை அவற்றை உடையவளுக்குக் கொடுக்கப்படவில்லை. ஞானசௌந்தரி நாடகத்தைப் பழம்பொருள் என்போர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும்.

5

இனி நாடகத்தின் வரையறைகளைக் கூறவேண்டும். ஞானசௌந்தரி கதை ஐரோப்பியக் கதைக்கூட்டமொன்றைச் சேர்ந்தது. கதைவகை ஆய்வாளர் இதனைக் 'கையற்ற கன்னி' என 706ஆம் எண்ணில் வகுப்பர். 13ஆம் நூற்றாண்டில் பிலிப் த றெமி பிரெஞ்சு மொழியில் இயற்றிய 'லா மனகீன்' என்னும் கதைப்பாடலில், தன்னை மணக்க விரும்பும் தந்தையிடமிருந்து தப்புவதற்காக மகள் தானே தன் கையை வெட்டிக்கொள்கிறாள். கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட யேர்மன் கதையில், வறுமையுற்ற ஆலைக்காரன் செல்வத்துக்காகத் தன் மகளை அறியாமலே பேயிடம் விற்றுவிட்டு, பேயின் மிரட்டலுக்கு அஞ்சி அவள் கைகளைத் தானே வெட்டுகிறான். 14ஆம் நூற்றாண்டில் சோசர் பாடிய கொன்ஸ்ரன்ஸ் கதையில் கைவெட்டு இல்லை. மாமியார் கடிதத்தை மாற்றுவது உண்டு.

இவற்றோடு ஒப்புநோக்குகையில் தமிழ் வடிவத்தில் நிகழ்ந்துள்ள மாற்றம் தெளிவாகிறது. தந்தையின் காமமும் தந்தையின் கடனும் மறைந்து, குற்றம் முழுவதும் சிற்றன்னையின் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. தந்தை அறியாதவன், கணவன் தொலைவில் இருந்தவன், எனவே இருவரும் குற்றமற்றவர். குடும்பத் தலைவனின் அதிகாரத்தை விசாரிக்க வேண்டிய கதை, ஒரு பெண்ணின் பொறாமையை விசாரிப்பதோடு நின்றுவிடுகிறது. கதையினுள்ளே கடிதம் மாற்றப்பட்டமை போன்று கதையின் வரலாற்றிலும் குற்றப்பத்திரிகை மாற்றப்பட்டுள்ளது எனின் மிகையாகாது. லேனாளின் நிலையையும் ஆராய்தல் தகும். இரண்டாந் தாரமாக வந்தவளுக்கு அரண்மனையில் உள்ள ஒரே பிடிமானம் அரசனின் விருப்பம். முதற்றாரத்தின் மகள் இருக்கும்வரை அப்பிடிமானம் உறுதியற்றது. அவளுடைய கொடுமையை இது நியாயப்படுத்தாது. ஆனால் அக்கொடுமை குணத்திலிருந்து மட்டும் பிறக்கவில்லை, வாரிசுரிமையிலிருந்தும் பிறந்தது என்பதை உணர்த்தும். பெண்ணைப் பெண்ணுக்கு எதிராக நிறுத்தும் அச்சொத்துறவை நாடகம் காட்டுகிறது. ஆனால் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை.

மனகீனின் நாயகிக்கும் ஞானசௌந்தரிக்கும் உள்ள வேறுபாடு இன்னுமொன்று. முன்னவள் தன் கையை இழப்பதைத் தானே தீர்மானிக்கிறாள். கொடியதேயாயினும் அது அவளுடைய முடிவு. ஞானசௌந்தரிக்கு நாடகம் அளிப்பது முடிவன்று, புலம்பலாகும். அப்புலம்பலைப் பாடியவரும் ஆணே. மரபுவழி அரங்கிற் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். பெண்கள் பார்வையாளராக அமர்ந்து, தமது ஒப்பாரியின் சாயலைப் பிறர் குரலிற் கேட்டனர்.

6

கைகள் மீளும் அற்புதத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? சமயம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதேவேளை அத்துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் அமைகிறதென மார்க்ஸ் 1844இற் சுட்டிய இருமை இங்கு உதவும். அற்புதம் காட்டிலேயே நிகழ்கிறது என்பது கவனத்துக்குரியது. மன்னார்க் கத்தோலிக்கருக்குக் காடு என்பது வெறும் மேடைத் திரையன்று. 1544இல் மதம் மாறிய மன்னார் மக்கள் யாழ்ப்பாண அரசனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டபோது, மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை 1670இல் மக்கள் வன்னிக் காட்டுக்கு எடுத்துச் சென்றனர் என மடுத் திருத்தலத்தின் மரபு கூறும். அரசகட்டளை துரத்தும், காடு ஏற்கும், அங்கே தாய் ஒருத்தி இருப்பாள் என்னும் படிமம் இவ்வரலாற்றில் வேரூன்றியது. அது பிற்காலத்திலும் ஓய்ந்துவிடவில்லை. 1990களில் மடு ஆயிரக்கணக்கான அகதிகளின் புகலிடமாயிற்று. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது அத்திருச்சொரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

ஆயினும் இப்படிமத்தை ஓரினத்தின் அல்லது ஒரு மதத்தின் துயரமாக மட்டும் சுருக்குதல் தவறாகும். 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். அவர்களது வீடு, தோட்டம், பிள்ளைகளின் பள்ளி, பேசிவைத்த திருமணங்கள் அனைத்தையும் பற்றிய முடிவு அவர்களைக் கேளாமலே எடுக்கப்பட்டது. அயலில் வாழ்ந்த தமிழர் பலர் கண்ணீருடன் வழியனுப்பினர் என்பதும் உண்மை. அக்கட்டளையை ஊர் மீறவில்லை என்பதும் உண்மை. ஏவலாளரின் இரக்கத்தைப் பற்றி இந்நாடகம் கூறுவதை நாம் பிறர்மீது மட்டும் பொருத்திப் பார்ப்பது நேர்மையாகாது.

அற்புதத்தின் வரையறையும் இங்கேதான் புலனாகிறது. இதே கதையின் வாய்மொழி வடிவங்கள் சிலவற்றில், நீரில் விழுந்த தன் பிள்ளையைத் தூக்க அவள் முண்டங்களை நீட்டும்போது கைகள் முளைக்கின்றன. இத்தாலோ கல்வினோ 1956இல் தொகுத்த இத்தாலிய நாட்டார் கதைகளிலும் இவ்வடிவம் உண்டு. அங்கே செயலிலேயே கை மீள்கிறது. மன்னார் நாடகத்திலோ வேண்டுதலுக்கு விடையாக வருகிறது. இரண்டிலும் ஏக்கம் ஒன்றே; ஆனால் முன்னையதில் மனிதச் செயலுக்கு இடமுண்டு. மேலும், கை மீண்டபின்னரும் ஞானசௌந்தரி அதனைக் கொண்டு தன் கடிதத்தை எழுதுவதில்லை. கணவன் தேடிவருகிறான், அரண்மனை ஏற்கிறது, எந்த அதிகார அமைப்பில் அக்கடிதம் செல்லுபடியாயிற்றோ அதே அமைப்புக்குள் அவள் மீளச் சேர்க்கப்படுகிறாள்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஞானசௌந்தரி நாடகம் குடும்பத்தின் பெருமுடிவுகள் யாவும் சொத்துறவின் வழியே எடுக்கப்படுவதையும், அவற்றை நல்லோரே நிறைவேற்றுவதையும், அவற்றின் விலையை முடிவில் பங்கற்றவரே செலுத்துவதையும் துலக்கமாகக் காட்டுகிறது. குடும்பத் தலைவனின் பொறுப்பை மறைப்பதிலும், விடிவை அருளிடம் ஒப்படைப்பதிலும் அது தன் காலத்தின் கருத்தியலுக்கு உட்படுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே மார்க்சிய விமரிசனத்தின் கடமை. ஒன்றைக் கண்டு மற்றொன்றை விடுவோர் ஆராதனையிலோ நிராகரிப்பிலோ முடிவர்.

இம்மரபை இன்று ஆடவும் ஆட்டுவிக்கவும் முன்வருவோருக்கு இதிலிருந்து ஒரு செயற்பாடும் பெறப்படும். மெட்டையும் தருவையும் மாற்றாமலே கடிதக் காட்சியை நாடகத்தின் நடுவுக்குக் கொண்டுவரலாம். ஞானசௌந்தரியாகப் பெண்ணொருத்தி மேடையேறலாம். மீண்ட கைகள் முதலில் எதைச் செய்யும் என்னும் வினாவை அவள் அவையிடமே கேட்கலாம். கட்டுக்கரையின் நீரைப் பங்கிடக் கூடியிருந்து வாதாடத் தெரிந்த மக்களுக்கு அவ்வினாவையும் கூடியிருந்து வாதாடத் தெரியும்.